சுண்டு விரல் நீளக் கம்பி

மழைக்குத்தான் எத்தனை குறும்பு! மயிலத்திலிருந்து கிளம்பும்போது பளீரென்று வெயில் காட்டிவிட்டு, திண்டிவனம் பைபாஸ் நெருங்கியதும் ‘சோ’வென்று கொட்டியது. அதுவும் போதாதென்று வெனிலாவின் ஸ்கூட்டி ஒரு பக்கமாக இழுத்தது... ஆடியது... ‘புஸ்ஸ்ஸ்’ என்று உட்கார்ந்தே விட்டது.

“போச்சுடா சாமி!” என்று தலையில் அடித்துக்கொண்டு இறங்கினாள்.

நல்லவேளை, எதிரிலேயே ஒரு டயர் கடை. ‘பெரியதம்பி டயர் ஒர்க்ஸ்’ என்ற பலகைக்குப் பின்னால் பழைய லாரி டயர்கள் மலைமலையாகக் குவிந்து கிடந்தன. உள்ளேயிருந்து ஒருத்தன் எட்டிப் பார்த்தான். சுருட்டை முடி, கிரீஸ் கறை படிந்த சட்டை... அந்தக் கறுப்புக்கு நடுவே இரண்டு கண்கள் மட்டும் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தன.

“உள்ள வாங்க மேடம்! எதுக்கு நனைஞ்சிக்கினு? தோ, இந்த சன்ஷேடு கீழ நில்லுங்க!”

“பரவால்லைங்க. நான் இங்கயே நிக்கிறேன்.”

“மழை கொட்டுதுங்க!”

“தெரியுதுங்க.”

துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நட்ட நடு மழையில் நின்றாள். ‘திமிரைப் பாரு... நம்ம கடை நிழல் கூட ஒட்டக் கூடாதாம்!’ என்று நினைத்துக்கொண்டான் மணிமாறன். பெரியதம்பியின் ஒரே மகன். டிப்ளமோ படித்துவிட்டு அப்பாவுக்குப் பின் கடையைப் பார்த்துக்கொள்கிறான். அவள் ஏன் சன்ஷேடுக்குக் கீழே வரவில்லை என்பது அவனுக்கு அன்றைக்குத் தெரியாது.

டயரைக் கழற்றி, ட்யூபைத் தடவி, குத்தியிருந்ததைக் குறடால் பிடுங்கி அவள் கையில் வைத்தான். மெல்லிய கம்பித் துண்டு ஒன்று. வெனிலா அதைப் பார்த்தாள்... சாலையைப் பார்த்தாள்... கடை வாசலில் ஓடிய மழைத் தண்ணீரில் அதே போலக் கம்பிகள் மினுக்கிக்கொண்டு கிடந்தன. அவ்வளவுதான், மூக்குக்கு மேல் வந்துவிட்டது கோபம்.

“கம்பியைப் போட்டு பஞ்சர் ஆக்குறதும் நீங்க, ஒட்டுறதும் நீங்களா? நல்லா இருக்குங்க உங்க யாபாரம்!”

“அய்யய்யோ! அபாண்டமா பேசாதீங்க. டயரை உரிச்ச கம்பிங்க. லாரில ஏத்தும்போது சிந்தியிருக்கும்...”

“அப்போ யாரு பொறுக்குறது? முருகன் வந்து பொறுக்குவாரா?”

உள்ளே டயர் உரித்துக்கொண்டிருந்த பாஞ்சாலி அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். “நல்லா கேளும்மா! நானும் தெனம் கத்திக்கினுதான் இருக்கேன். மாறா, உனக்கு நல்லா வேணும்!”

முகம் சிவந்த மணிமாறன் உள்ளே ஓடினான். திரும்பி வரும்போது அவன் கையில் ஒரு கயிறு; கயிற்று நுனியில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய பெரிய காந்த வட்டம். மழையில் இறங்கி, சின்னப் பிள்ளை பொம்மைக் கார் இழுப்பது போல அதைச் சாலை ஓரமாக இழுத்துக்கொண்டு நடந்தான். சிந்திக் கிடந்த கம்பிகளெல்லாம் ‘டிக் டிக்’கென்று எகிறி வந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டன.

சிரிப்பை அடக்கப் பார்த்த வெனிலா சட்டென்று நின்றுவிட்டாள். சிலிர்த்துக்கொண்டு நின்ற அந்தக் கம்பிகளையே பார்த்தாள்.

எத்தனை மாதமாக இதைத்தானே தேடிக்கொண்டிருக்கிறாள்!

“ஏங்க... இது டயருக்குள்ளேர்ந்தா வருது?”

கோபம் போன இடம் தெரியாத அந்தக் குரலைக் கேட்டு அவனுக்கே ஆச்சரியம். வளையம் போன்ற ஒரு டயர் ஓரத்தை எடுத்து வந்தான். கத்தியால் கறுப்பு ரப்பரைக் கீறி, இரண்டு கையாலும் விரித்துக் காட்டினான். அவள் தன்னை மறந்து குனிந்தாள். ரப்பருக்கு உள்ளே... அடுக்கடுக்காக... பொன்னிறத்தில் கம்பிகள்!

“தங்கம் மாதிரி இருக்கே...” என்றாள் கண்ணை எடுக்காமல்.

“பித்தளைப் பூச்சுங்க. சக்கரத்தை விட்டு டயர் கழண்டுக்காம புடிச்சிக்கினு இருக்கிறதே இந்தக் கம்பிதான். காஷ்மீருக்கு ஆப்பிள் ஏத்தப் போன லாரியோட டயருங்க இது. டயரு தேஞ்சி போச்சு, கம்பி அப்படியே இருக்கு பாருங்க.”

தேயவே இல்லை. எத்தனை மலை, எத்தனை மேடு பள்ளம்... அத்தனையும் பார்த்துவிட்டுப் புத்தம் புதிதாக இருக்கிறது. வெனிலா நிமிர்ந்தாள். மழைத்துளி சொட்டச் சொட்ட அவள் கண்கள் அகல விரிந்திருந்தன. மணிமாறன் கம்பியைப் பார்க்கவில்லை... அந்தக் கண்களைத்தான் பார்த்தான். இந்தக் குப்பையை இப்படி யாராவது பார்ப்பார்களா?

“எனக்கு இந்தக் கம்பி வேணுங்க. மூட்டையா.”

“எதுக்குங்க?”

“காங்கிரீட்டுல கலக்க. உப்புமாவுல சேமியா கலக்குற மாதிரி.”

“ஏங்க... நல்லாத்தானே இருக்கீங்க?”

பாஞ்சாலி அக்கா மறுபடி சிரித்தாள். வெனிலாவும் சிரித்துவிட்டாள். பஞ்சர் ஒட்டி முடித்தபோது மழை விட்டிருந்தது. அது தெரியாமல் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள்.

*

அது இரண்டாயிரத்துப் பதினான்கு, ஐப்பசி மாதம். மயிலத்துப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் எம்.ஈ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள் வெனிலா. காங்கிரீட்டில் இரும்பு நார், அதாவது மெல்லிய கம்பித் துண்டுகள், கலக்கும் ஆராய்ச்சி. ஃபேக்டரி நார் வாங்கி எல்லோரும் செய்துவிட்டார்கள். புதிதாக ஏதாவது கொண்டு வந்தால்தான் ப்ராஜெக்ட் என்று சொல்லிவிட்டார் அவளுடைய கைடு கிருஷ்ணசாமி சார். அந்தப் புதிதுதான் ஸ்கூட்டி டயரில் குத்திக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஸ்கூட்டி தானாகவே அந்தக் கடை வாசலில் நின்றது. கம்பி பார்க்கத்தான்... வேறெதற்கு?

“எந்த அளவுக்கு வெட்டணுங்க, வெனிலா மேடம்?” பேரைச் சொல்லும்போதே அவன் உதட்டில் சிரிப்பு. “நானும் கேக்கணும்னு இருந்தேன்... ஐஸ்கிரீம் பேரைத்தான் வச்சாங்களா?”

“அதை எங்க அப்பாகிட்ட வந்து கேளுங்க. அருள்நாதன். ரிட்டயர்டு ஹெட்கான்ஸ்டபிள்.”

“வேணாங்க... அளவை மட்டும் சொல்லுங்க.”

அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு கம்பி வெட்டும் மரப்பலகை மேல் தன் சுண்டு விரலை நீட்டி வைத்தாள். “இந்த நீளம்.”

அவன் சாக்பீஸ் எடுத்தான். விரலைத் தொடாமல்... ஒரு நூல் இடைவெளி விட்டு... நுனியில் ஒரு கோடு, அடியில் ஒரு கோடு. கோடு நேராக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டான். அப்புறம் மறுபடியும் அழித்தான்.

“மாறா, கோடு போடுறியா, கோலம் போடுறியா?” என்றாள் பாஞ்சாலி அக்கா.

வெனிலா விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அந்தக் கோடு மட்டும் பலகையில் அப்படியே இருந்தது. தினமும் காலையில் கடை திறந்ததும் அழிந்த இடத்தை மணிமாறன் சாக்பீஸால் தடித்துவிடுவான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒரு நாள் தூறல் போட்டது. வழக்கம்போல அவள் சன்ஷேடுக்கு வெளியே போய் நின்றாள். அன்றைக்குத்தான் கேட்டான்.

“கேட்டா தப்பா நினைக்காதீங்க... எங்க கடை அவ்ளோ பிடிக்கலையா?”

“ஐயோ, இல்லைங்க...” துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். “அப்போ எனக்கு ஏழு வயசு. கண்டமங்கலத்துல சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். இதே மாதிரி மழை. நானும் அம்மாவும் ஒரு கடை சன்ஷேடு கீழ ஒதுங்கினோம். மேல ‘டக்’குனு ஒரு சத்தங்க... அம்மா என்னைப் பிடிச்சி ரோட்டுல தள்ளிட்டாங்க. நான் திரும்பிப் பார்க்குறேன், சன்ஷேடு முழுசா கீழ கிடக்குது. அம்மா கால் அதுக்கு அடியில.”

அவன் கையிலிருந்த குறடு அப்படியே நின்றது.

“காங்கிரீட்டு விரிசல் விடுறது தப்பில்லைங்க. எல்லாமே ஒருநாள் விடும். விட்டதும் சொல்லாம கொள்ளாம விழுது பாருங்க, அதுதான் பாவம். விரிசல் விட்டாலும் கொஞ்ச நேரம் பிடிச்சிக்கினு நின்னா போதும்... ஓடிப் பிழைச்சிக்கலாம் இல்ல? எங்க அம்மா இப்பவும் காலை இழுத்துத்தான் நடக்குறாங்க. ரெண்டு பேருமே மழைக்கு எந்த சன்ஷேடு கீழயும் ஒதுங்க மாட்டோம்.”

மணிமாறன் குறடைக் கீழே வைத்தான். ‘திமிரு’ என்று நினைத்தோமே... இந்தப் பெண் கேட்பது கம்பி இல்லை. ஓடிப் பிழைக்க ஒரு நொடி கேட்கிறாள். குப்பை என்று எடைக்குப் போட்ட கம்பி அதைக் கொடுக்குமா? கொடுக்க வேண்டுமே!

அன்றிலிருந்து ராஜமரியாதைதான் அந்தக் கம்பிக்கு. ஒவ்வொன்றாக வெட்டினான். ஐப்பசி மழை ஈரத்தில் துரு ஏறிவிடக் கூடாதே என்று பயந்தான். டயர் கடையில் ஒரு பழக்கம் உண்டு... மழைக்காலத்தில் சாயங்காலம் கடை சாத்துமுன் கத்தி, குறடு, ஜாக்கி எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பார்கள். கம்பிக்கும் அதையே செய்தான். கழிவு ஆயில் அழுக்கென்று, வீட்டிலிருந்து நல்ல செக்கு மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய், கொண்டு வந்து, கை நிறையக் கம்பியை அள்ளி அள்ளிப் பிசறினான். மினுமினுவென்று மின்னியது. அவளுடைய அந்தக் கண்கள் மறுபடி விரிவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதனால் சொல்லவில்லை.

மூட்டையை அவிழ்த்ததும் கண்கள் விரியத்தான் செய்தன.

“எப்படிங்க இவ்ளோ பளபளன்னு...”

“உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சதுங்க.”

மல்லாட்டை வாசம் அடித்தது. சாக்கு மல்லாட்டைச் சாக்கு, அந்த வாசம்தான் என்று வெனிலா நினைத்துக்கொண்டாள். வேறென்ன நினைப்பாள்?

*

கார்த்திகைக் கடைசியில் பீம்களை வார்த்தாள். முழங்கை நீளத்துக்குக் காங்கிரீட் கட்டைகள். பாதி வெறும் காங்கிரீட், பாதி டயர் கம்பி கலந்தது. லேப் தொட்டியில் ஒரு மாதம் தண்ணீரில் ஊற வேண்டும். இடையில் கிறிஸ்துமஸ் வந்தது. அம்மா அமல்ராணி சுட்ட கல்கல்லும் கேக்கும் ஒரு டப்பா நிறைய டயர் கடைக்குப் போனது.

“உங்க அம்மா சுட்டதா?” என்றான், டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

“ஆமா. யாருக்குன்னு கேட்டாங்க. கம்பி குடுக்குறவருக்குன்னு சொன்னேன்.”

“அதுக்கு இன்னா சொன்னாங்க?”

“ரெண்டு கேக் துண்டு கூட வச்சாங்க.” சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு பறந்துவிட்டாள். கன்னம் ஏன் இப்படிச் சுடுகிறது?

பொங்கல் கழிந்து டெஸ்ட். முதலில் வெறும் காங்கிரீட் பீம். மெஷின் அழுத்தியது... ‘டக்!’ இரண்டு துண்டு. ஏழு வயதில் கேட்ட அதே சத்தம். வெனிலா சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்தது அவளுடைய பீம். பொன்னான கம்பிகளைச் சுமந்த பீம். மெஷின் அழுத்தியது... அழுத்தியது...

‘டக்!’

இரண்டு துண்டாக விழுந்தது. துளியும் தாங்கவில்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

உடைந்த முகத்தில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. வெனிலா ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வெண்ணெயில் குத்திய ஊசி போலச் சுலபமாக வழுக்கிக்கொண்டு வந்தது. காங்கிரீட்டின் ஒரு துணுக்கு கூட அதில் ஒட்டவில்லை.

“பிடிப்பே இல்லையேம்மா,” என்றார் கிருஷ்ணசாமி சார். “பங்குனியில ஃபைனல் ரிவ்யூ. இன்னும் ஒரு தடவை வார்க்க டைம் இருக்கு. அதுவும் போச்சுன்னா இந்த வருஷம் போச்சு. பேசாம ஃபேக்டரி நாரை வாங்கி ஒப்பேத்திடு.”

அவளுக்கு அது காதில் விழவில்லை. மீதிச் சாக்கைப் பிரித்து ஒரு பிடி கம்பியை அள்ளி முகர்ந்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள். வழவழவென்று எண்ணெய்! எண்ணெய் தடவிய கம்பி காங்கிரீட்டில் எப்படி ஒட்டும்? ஐயோ... ஐயோ!

ஸ்கூட்டி பைபாஸில் எப்படிப் போனதென்று அவளுக்கே தெரியாது.

அவன் அடுத்த மூட்டையை வெட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தான். “வாங்க வாங்க! இன்னா ஆச்சு டெஸ்ட்டு?”

“இதுல என்ன தடவினீங்க?”

“மல்லாட்டை எண்ணெய்ங்க... துரு ஏறிடக் கூடாதுன்னு. செக்கு எண்ணெய், சுத்தமான...”

“யாரைக் கேட்டுத் தடவினீங்க? எல்லாம் போச்சு! ஒரு பீம் கூட நிக்கலை! இது என்ன ஜாக்கின்னு நினைச்சீங்களா, துடைச்சி வைக்க? டயர் கடை வேலை இல்லைங்க இது... படிப்பு!”

பஞ்சர் ஒட்ட வந்திருந்த இரண்டு லாரி டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாஞ்சாலி அக்காவின் கை நின்றது. மணிமாறன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வற்றிப் போனது.

“சரிங்க மேடம்,” என்றான் மெல்ல. “டயர் கடைக்காரனுக்கு அது தெரியலைங்க. இனிமே உங்க படிப்புல கை வைக்க மாட்டேன்.”

திரும்பி உள்ளே போய்விட்டான். வெனிலாவுக்கும் வீம்பு. வண்டியைத் திருப்பினாள். மயிலம் சாலை திரும்பும் வரை அடக்கினாள்... அதற்கு மேல் முடியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள். பீமுக்காக அழுகிறாளா, அந்த முகம் வற்றியதற்காக அழுகிறாளா... அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது.

*

நாள் போகப் போகக் கோபம் இறங்கியது. இறங்கிய இடத்தில் உண்மை வந்து உட்கார்ந்துகொண்டது.

‘எண்ணெய் ஆகாதுன்னு நீ சொன்னியாடி? வாசம் அடிச்சுதே, ஒரு வார்த்தை கேட்டியா? அவருக்கு என்ன தெரியும்? உனக்குன்னு செஞ்சாரு... அந்தப் பாவத்தைத் தவிர வேற என்ன பண்ணாரு?’

ஆனாலும் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

ஒரு மத்தியானம் லேப் வாசலில் பெரிய சத்தம். “யாரும்மா வெனிலா? இங்க வெனிலா யாரு?” பார்த்தால் பாஞ்சாலி அக்கா! மயிலம் பஸ்ஸில் மூட்டையோடு வந்து இறங்கி, வாட்ச்மேனிடம் சண்டை போட்டு உள்ளே நுழைந்திருந்தாள்.

“இந்தா, பிடி. அந்தப் பையன் நேத்து வரைக்கும் இதைத்தான் கழுவிக்கினு கெடந்தான். சுடுதண்ணி, சோப்புத் தூளு, அலசு, மறுபடி அலசு... கையெல்லாம் குத்திக்கினு ரத்தம். ‘வேலையைப் பாருடா, பேஜாரு பண்ணாத’ன்னேன். காதுலயே வாங்கலை. வெயில்ல பரப்பிக் காய வச்சி, வடகத்துக்குக் காக்கா விரட்டுற மாதிரி காவல் வேற. ‘நான் குடுத்தேன்னு சொல்லாத’ன்னான். அதான் சொல்லிட்டேன்.”

வெனிலா மூட்டையை அவிழ்த்தாள். பளபளப்பு போய்விட்டது. சொரசொரப்பாக, அங்கங்கே லேசாகத் துரு பூத்து, மங்கிக் கிடந்தன கம்பிகள். காங்கிரீட்டுக்கு இதுதானே வேண்டும்... இந்தச் சொரசொரப்பு! ஒரு கம்பியை எடுத்துச் சுண்டு விரல் மேல் வைத்துப் பார்த்தாள். அச்சாக அதே நீளம். இன்னொன்றை எடுத்தாள்... அதுவும்.

அவ்வளவு கோபத்திலும் அவன் அளவை மாற்றவில்லை.

“அக்கா... அந்த சாக்பீஸ் கோடு இன்னும் இருக்கா?”

“தெனம் காலைல சாமி படத்துக்கு முன்னாடி அதுக்குத்தான் பூசை. போதுமா? எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்று கிளம்பினாள் அக்கா.

மறுபடி வார்த்தாள். மறுபடி ஒரு மாதம் தண்ணீர். ரிவ்யூவுக்கு முதல் நாள் வீம்பையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு டயர் கடைக்குப் போனாள். அன்றைக்கும் லாரி டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருக்கட்டுமே! திட்டியதை நாலு பேர் கேட்டார்கள் இல்லையா, இதையும் கேட்கட்டும்.

“மன்னிச்சிடுங்க,” என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. “நான் பேசினது ரொம்பத் தப்பு. எண்ணெய் ஆகாதுன்னு நான்தான் சொல்லியிருக்கணும். நாளைக்கு பீமை உடைக்கிறோம். நீங்க வரணும்.”

அவன் தலை நிமிரவில்லை. “நான் எதுக்குங்க அங்க... படிச்சவங்க நடுவுல...”

“கம்பி உங்களுதுங்க,” என்றாள். “வந்தா சந்தோஷப்படுவேன். வரலைன்னா... காத்துக்கினு இருப்பேன்.”

*

மறுநாள் லேபில் கிருஷ்ணசாமி சாரும் வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினரும் மெஷின் அருகே நின்றார்கள். வெனிலாவின் கண்கள் வாசலிலேயே இருந்தன. பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள். மயிலம் பஸ்ஸெல்லாம் காவடிக் கூட்டம். வர முடியாதோ... வர மனசில்லையோ...

“ஆரம்பிக்கலாமாம்மா?”

“ஒரு நிமிஷம் சார்...”

“டைம் ஆச்சும்மா.”

வெறும் பீம் ஏறியது. ‘டக்!’ இரண்டு துண்டு. எக்ஸாமினர் தலையாட்டினார். வெனிலா கம்பி பீமைத் தூக்கி வைத்தாள். அப்போது வாசலில் ஒரு நிழல்... தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டை, அதன் முதுகெல்லாம் காவடிக் கூட்டத்தின் விபூதி. பஸ் கிடைக்காமல் பாதி வழி நடந்தே வந்திருக்கிறான்! மூச்சு வாங்க, கதவோரமாக ஒட்டி நின்றான் மணிமாறன்.

கண்ணும் கண்ணும் ஒரே ஒரு தடவை பார்த்துக்கொண்டன. அது போதும். அவள் சுவிட்சைப் போட்டாள்.

முள் ஏறியது... ஏறியது... வெறும் பீம் உடைந்த அளவைத் தாண்டியது. ‘டக்.’ பீமின் அடியில் முடி போல ஒரு கோடு. வெனிலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இதோ... விழப் போகிறது...

விழவில்லை.

கண்ணைத் திறந்தாள். கோடு மெல்ல அகன்றது. ஆனால் விழவில்லை! மெஷின் இன்னும் அழுத்தியது, பீம் வளைந்தது, விரிசல் வாய் திறந்தது. உள்ளே... அம்மா மரியே! இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக நூறு நூறு கம்பிகள், இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றன. லாரிச் சக்கரத்தை விடாத அதே கம்பிகள். ஒன்று கூட வழுக்கி விழவில்லை. மெஷின் உறுமுவது மட்டும் கேட்டது.

“விட மாட்டேங்குதே...” என்றார் எக்ஸாமினர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு. “இதுக்குள்ள ஒரு வீடே காலி பண்ணிட்டு வெளிய வந்துடலாம் போலயே!”

வெனிலாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஏழு வயதிலிருந்து காதுக்குள் கேட்ட சத்தம்... அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இருக்கிறது! ஒரு நொடி இல்லை, எவ்வளவோ நேரம் இருக்கிறது!

எக்ஸாமினர் கைகொடுத்தார். கிருஷ்ணசாமி சார் முதுகில் தட்டினார். மெஷினிலிருந்து எடுத்த பீமை இரண்டு செங்கல்லின் மேல் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார்கள். லேபில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

மணிமாறன் பீமின் அருகே குந்தினான். விரிசலுக்குள் எட்டிப் பார்த்தான். தன் கையால் வெட்டிய கம்பி, தன் கையால் கழுவிய கம்பி... தொட்டுப் பார்க்கக் கூடப் பயமாக இருந்தது.

“குப்பைன்னு நெனச்சிக்கினு இருந்தேங்க இதை...” என்றான்.

வெனிலா செருப்பைக் கழற்றினாள். அவன் தடுக்குமுன் அந்த விரிந்த பீமின் மேல் ஏறி நின்றாள்.

“ஐயோ, ஏங்க! இறங்குங்க! விரிசல் விட்டிருக்குங்க!”

“விட்டாத்தான் என்ன? பாருங்க... நிக்குது.” சன்ஷேடுக்குக் கீழ் ஒதுங்கப் பயந்தவள், உடைந்த காங்கிரீட்டின் மேல் நின்று சிரித்தாள். “நீங்களும் ஏறுங்க.”

“நானா? ரெண்டு பேரைத் தாங்குமா?”

“உங்க கம்பி மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?”

ஏறினான். முழங்கை நீளக் கட்டை... இரண்டு பேருக்கு எங்கே இடம்? மூச்சு படும் தூரத்தில் நின்றார்கள். கிரீஸ் வாசமும் விபூதி வாசமும் கலந்து வந்தது. பீம் அசையவில்லை. ஆனால் இரண்டு நெஞ்சும் அடித்துக்கொண்ட சத்தம் இருக்கிறதே... மெஷின் தோற்றுவிடும்!

“வெனிலா...” முதல் தடவையாக மேடம் இல்லாமல் கூப்பிட்டான். “மழையில நின்னுக்கினு அந்தக் கம்பியைப் பார்த்தீங்களே... அன்னிலேர்ந்தே எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க திட்டின அன்னிக்கும் பிடிச்சிருந்துச்சு. என்னங்க பண்ணட்டும், போக மாட்டேங்குது.”

அவன் கைகளைப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கம்பி குத்திய தழும்புகள். தன் சுண்டு விரலை நீட்டி அவன் சுண்டு விரலோடு கோத்துக்கொண்டாள். இந்தத் தடவை நூல் இடைவெளி இல்லை.

“எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு,” என்றாள். “பெரியதம்பி டயர் ஒர்க்ஸ் வாசல்ல பஞ்சர் ஆகாதான்னு தெனம் வேண்டிக்கினு வருவேன்.”

அவன் கண்கள் கலங்கிவிட்டன. “உங்க அப்பா...?”

“முதல்ல அம்மாவைப் பாருங்க. இந்த பீமை எங்க வீட்டு வாசல்ல போட்டு, அவங்களை இது மேல நிக்க வைக்கணும். நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடிச்சிக்கலாம்.”

வெளியே பங்குனியில் யாரும் எதிர்பாராத மழை ஒன்று சடசடவென்று இறங்கியது. காவடிக் கூட்டம் ‘அரோகரா’ போட்டுக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. டீ குடிக்கப் போனவர்கள் எந்த நேரமும் திரும்பலாம்.

“இறங்கிடலாங்களா?” என்றான் மெதுவாக.

வெனிலா தலையசைத்து மறுத்தாள். கோத்த விரலை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

“இருங்க... இன்னும் கொஞ்ச நேரம் நிக்கலாம். தாங்குது.”